வயிற்றுக்கு, தினம் மூன்று

கோந்துப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மிர்சினி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலைக் கப்பலில் ஏதென்ஸிலிருந்து வந்தது. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். வெள்ளை அட்டை, பச்சை எழுத்து. அந்த எழுத்தை மறைத்து அவள் ஒரு தாள் ஒட்ட வேண்டும். தாளில் "வயிற்றுக்கு. தினம் மூன்று, சாப்பிட்டபின்" என்று எழுத வேண்டும். உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளை உருவி எடுத்துவிட வேண்டும். கணவனின் மருந்துக்கடையில் இருபத்தெட்டு வருடமாகச் செய்துவரும் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். அன்றைக்குக் கை வரவில்லை.

பெட்டி அவள் அண்ணன் யாகூமிஸுக்கு வந்தது.

மற்ற நாட்டு வைத்தியர்களுக்கு ஒரு வசதி உண்டு. நோயின் பெயரைக் கிரேக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். நோயாளிக்கு ஒன்றும் புரியாது, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போவான். லெம்னோஸ் தீவில் அது செல்லாது. அங்கே மீன் விற்கிறவளும் கழுதை ஓட்டுகிறவனும் பேசுவதே அந்தச் சொற்களைத்தான். டாக்டர்கள் சோகைக்கு வைத்திருக்கும் பெயர் அங்கே 'ரத்தம் இல்லாமை' என்று பச்சையாகக் காதில் விழும். மாரடைப்பின் பெயரைக் கேட்டால் வாய்க்கால் அடைத்துக்கொண்டது கண்ணில் தெரியும். புற்றுநோயின் பெயரோ, காலண்டரின் ராசிப் பக்கத்தில் நண்டுப் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறதே, அதே பெயர். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்தப் பாழாய்ப்போனது" என்பார்கள். சொன்ன கையோடு, அது தங்களை அண்டாமலிருக்க, மேசையோ கதவோ, பக்கத்தில் எது மரமோ அதைத் தட்டுவார்கள்.

ஆகவே டாக்டர் வெர்னிகோஸுக்கு ஒளிந்துகொள்ள லத்தீன் ஒன்றுதான் மிச்சம். யாகூமிஸின் சீட்டில் அவர் நண்டின் முதல் இரண்டு எழுத்தை லத்தீனில் எழுதி, வயிற்றுக்கு லத்தீன் பெயரைச் சேர்த்திருந்தார். கீழே சின்னதாக ஒரு வரி: ப்ரோக்னோசிஸ் இன்ஃபௌஸ்தா. முதல் சொல் கிரேக்கம்தான். முன்கூட்டி அறிவது என்று எழுத்துக்கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இரண்டாவது சொல்தான் பூட்டு. நல்லதற்கில்லை என்பது அதன் பொருள். அந்தப் பூட்டின் சாவி தீவில் மூன்று பேரிடம் இருந்தது. எழுதிய டாக்டர், மருந்து கொடுக்கும் அர்கிரிஸ், அர்கிரிஸின் பக்கத்தில் நின்று நின்று லத்தீன் படித்துக்கொண்ட அவன் மனைவி மிர்சினி.

டாக்டரின் சீட்டு இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் பெட்டி தொழிற்சாலையில் அச்சாகி வருவது. எந்தத் தீவில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது தொழிற்சாலைக்குத் தெரியுமா? அது உள்ளதை உள்ளபடி, கொட்டை எழுத்தில், ஊருக்கே புரியும் கிரேக்கத்தில் போட்டுவிடும். அதற்குத்தான் கோந்தும் தாளும். உருவியெடுத்த விளக்கத் தாள்களை மிர்சினி எறிவதில்லை. காற்றில் பறந்து தெருவில் யார் கையிலாவது கிடைத்துவிட்டால்? ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேசைக்கடியில் வைத்திருந்தாள். டப்பா நிறைந்து மூடி நிற்காமல் கயிறு கட்டியிருந்தது.

நோயாளியிடம் சொல்லக்கூடாது, குடும்பத்திடம் சொல்ல வேண்டும்; இதுதான் அங்கே வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே டாக்டர் வெர்னிகோஸ் யாகூமிஸின் மனைவி கல்லியோப்பியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திராட்சை பழுக்கும் வரை தாங்கினால் அதிகம் என்றார். கல்லியோப்பி அழவில்லை. நேரே மருந்துக்கடைக்கு வந்து, கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைக் கழற்றி நாத்தனாரின் கையில் வைத்து மூடினாள்.

"உன் வாயால அவருக்கும் சொல்லமாட்ட, நிக்கிதாஸுக்கும் சொல்லமாட்ட. சத்தியம் பண்ணு."

"நிக்கிதாஸ் பெத்த பிள்ளை, அண்ணி."

"பெத்த பிள்ளை கூப்பிடாம வந்து நின்னா, ஏன் வந்தான்னு உங்கண்ணனுக்குத் தெரியாதா? அன்னிக்கே படுத்துருவாரு. சத்தியம் பண்ணு."

மிர்சினி செய்தாள்.

நிக்கிதாஸ் விஷயம் ஊருக்கே தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், மீன் பருவம் தொடங்குவதற்கு மூன்று நாள் இருக்கையில், அப்பாவோடு படகில் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். யாகூமிஸ் துறையில் அத்தனை பேர் முன்னிலையில், "நான் கூப்பிடாம இந்தத் துறையில கால் வைக்காதே" என்றான். ஒரு வருடம் கழித்துப் பையன் கால் வைத்துப் பார்த்தான். ஈஸ்டருக்குக் கையில் பெட்டியோடு வந்து இறங்கினான். அப்பன் வலையைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "கப்பல் இன்னும் கிளம்பல, ஏறிக்கோ" என்றான். பையனும் ஏறிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே மரத்தில் அறுத்த பலகை.

நேற்று மாலை, இந்தப் பெட்டியை மரப்பெட்டியின் வைக்கோலிலிருந்து மிர்சினி எடுத்துக்கொண்டிருந்தபோது கடைச் சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. தெசலோனிகி துறைமுகத்திலிருந்து நிக்கிதாஸ்.

"அத்தை, கப்பல் நாளைக்கு ரெண்டு மணிக்கு யோகோஹாமாவுக்குக் கிளம்புது. திரும்ப பதினோரு மாசம் ஆகும். அம்மாவுக்குச் சொல்லிடு."

"அப்பாவுக்கு?"

"அவர் எதாவது சொன்னாரா?"

"உடம்பு கொஞ்சம்..." என்று தொடங்கினாள். கம்பியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. தபால் ஆபீஸில் இணைப்புப் போடுகிற ஸ்டமாதியா. அவள் காதில் விழுந்தது அரை மணியில் மீன் கடைக்கு வந்துவிடும், மீன் கடைக்கு வந்தது யாகூமிஸின் காதுக்கு வந்துவிடும். சத்தியம் வேறு. "கொஞ்சம் இளைச்சிருக்காரு, நோன்பு நேரம் பாரு" என்று முடித்தாள்.

"அத்தை, அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் இறங்கிடுவேன். கப்பல்காரன் கிட்ட எனக்கு லீவு பாக்கி இருக்கு. அவர் சொல்லாம நான் இன்னொரு தரம் அந்தத் துறையில வந்து நிக்கமாட்டேன். ஏஜண்ட் ஆபீஸ் நம்பர் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். அந்தச் சீட்டு இப்போது கோந்துப் புட்டிக்கு அடியில் இருந்தது.

"இன்னும் ஒட்டலையா?" அர்கிரிஸ் வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னறைக்கு வந்தான். "உங்கண்ணன் பத்து மணிக்கு வந்துருவான்."

"அர்கிரி, அவன் இன்னைக்குக் கூப்பிடலைன்னா பிள்ளையைப் பார்க்கவே மாட்டான். பதினோரு மாசம். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா கூப்பிடுவான். தெரியாம எப்படிக் கூப்பிடுவான்?"

"அதை முடிவு பண்ண நாம யாரு?" அர்கிரிஸ் குரலை உயர்த்தவில்லை, அவன் உயர்த்துவதே இல்லை. "மருந்துக்கடைக்காரன் வாய் திறந்தான்னா நாளைக்கு எவன் இங்க வருவான்? எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கே. அந்தோனிஸுக்கு ஒட்டினே, பாதிரியாரோட தங்கச்சிக்கு ஒட்டினே. அப்பல்லாம் கை நடுங்கலையே."

அது உண்மைதான். பாதிரியாரின் தங்கை தெருக்கோடியில் நின்று மிர்சினியைப் பார்த்துக் கையாட்டுவாள், மருந்து நல்லா வேலை செய்யுது என்று. மிர்சினியும் திருப்பிக் கையாட்டியிருக்கிறாள்.

கணவன் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் விளக்கத் தாளை உருவினாள். ஒட்டும் தாளில் எழுதினாள். கோந்து தடவி, பச்சை எழுத்தின் மேல் வைத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். டப்பாவின் கயிறு இறுகியிருந்தது. விளக்கத் தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

யாகூமிஸ் பத்து மணிக்கு வரவில்லை. பத்தேமுக்காலுக்கு வந்தான். வாசல் மணி அடித்ததும் உள்ளே நுழையாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். ஐம்பத்தெட்டு வயது. போன வருடம் கோட்டின் பொத்தான் பூட்டாது. இப்போது அதே கோட்டுக்குள் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, என்னோட பெப்பர்மிண்ட் வந்துருச்சா?" என்றான் அர்கிரிஸைப் பார்த்து. "உன் மருந்தைத் தின்னு தின்னு நான் கொக்காயிட்டேன். நோன்பு முடியட்டும், ஒரு முழு ஆட்டுத் தொடையை ஒத்தையாத் தின்னு காட்டறேன்."

"டாக்டர் இப்பவே கறி சாப்பிடச் சொன்னாரே," என்றான் அர்கிரிஸ்.

"டாக்டருக்கு சாமி பயம் கிடையாது. எனக்கு உண்டு."

வாசலில் வண்டிக்காரன் ஒருவன் ஸ்பிரிட் கேன் இறக்க வந்தான். கணக்குப் பார்க்க அர்கிரிஸ் வெளியே போனான். போகும்போது மனைவியை ஒரு பார்வை பார்த்தான். மிர்சினி மேசைமேல் பெட்டியை வைத்தாள். அவள் விரல்கள் அதை விடவில்லை.

"அண்ணே, நிக்கிதாஸ் தெசலோனிகியில இருக்கான்."

யாகூமிஸ் ஜாடி வரிசையைப் பார்த்தான். வெள்ளைப் பீங்கான், தங்க எழுத்து. "நல்லது. பெரிய ஊரு. சினிமா எல்லாம் இருக்கு."

"ரெண்டு மணிக்குக் கப்பல். ஜப்பானுக்கு."

"அங்கயும் சினிமா இருக்கும்."

"ஒரு வார்த்தை சொன்னா இறங்கி வந்துருவான். நம்பர் என்கிட்ட இருக்கு. நான் போட்டுத் தர்றேன், நீ பேச மட்டும் செய்."

"அவன் பேசட்டும்."

"அவன் ஒருதரம் வந்தான், நீ ஏறச் சொன்னே."

"அது நாலு வருஷத்துக்கு முந்தி. அதுக்கப்புறம் வந்தானா?" அவன் முகம் சிவந்தது, ஆனால் அந்தச் சிவப்பு நிற்கவில்லை, உடனே வடிந்துவிட்டது. "இப்ப என்னடி அவசரம், சின்னவளே? இந்த வயிறு சரியாகட்டும். அவனும் உலகத்தைச் சுத்தட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?"

அடுத்த வருஷம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். மிர்சினி நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருப்பதாகக் காட்டியது. யாகூமிஸ் பெட்டியை எடுக்கக் கை நீட்டினான். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன, தரமாட்டியா?"

 கட்டைவிரல் நகத்தால் தாளின் மூலையைக் கிளப்பினாள். கோந்து காய்ந்திருக்கவில்லை. தாள் ஒரே இழுப்பில், ஒரு மீன் தோல் உரிவதுபோல் வந்துவிட்டது. அதைக் கசக்கி ஏப்ரன் பையில் போட்டாள். பெட்டியைத் திருப்பி, எழுத்து அவன் பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

வெளியே வண்டிக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். கேன் ஒன்று கல்லில் உரசியது.

யாகூமிஸ் பெட்டியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய், கையை முழுக்க நீட்டிப் பிடித்தான். கிட்டத்தில் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. அடிவானத்தில் வருகிற படகின் பெயரை முதலில் படிப்பவன் அவன்தான். நான்காம் வகுப்போடு நின்றவன். மருந்தின் பெயர் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கீழே, என்ன வகை மருந்து என்று ஒரு நீளமான சொல் இருந்தது. முள்ளெலி மாதிரி உருண்டிருக்கும் கடல்முள்ளியை அவன் கத்தியால் திறப்பதுபோல, அந்தச் சொல்லை ஒவ்வொரு துண்டாகத் திறந்தான். உதடு அசைந்தது.

"எதிரா... புதுசா... உருவாகிறதுக்கு." நிறுத்தினான். "புதுசா உருவாகிறதுக்கு எதிரா. என் வயித்துல என்ன புதுசா உருவாகுது?"

மிர்சினி ஏப்ரன் பையிலிருந்து விளக்கத் தாளை எடுத்து நீட்டினாள். 

தாள் மெல்லியது, எழுத்து பொடி. அவன் வெகுநேரம் கையை நீட்டியபடி நின்றான். தேட வேண்டிய சொல்லை விரல் கண்டுபிடித்துவிட்டது என்பது, விரல் அதன் மேலேயே நின்றுவிட்டதில் தெரிந்தது. அவன் மரத்தைத் தட்டவில்லை.

"நண்டு," என்றான். அவள் வாழ்நாளில் ஒருவர் அதை அந்தக் கடைக்குள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு மேசைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேர்ந்து."

"கல்லியோப்பிக்கு?"

"அண்ணிதான் சத்தியம் வாங்கினாங்க."

"வேற யாருக்கு?"

அவள் வாசல் பக்கம், தெருவைப் பார்த்தாள். சீட்டைப் படிக்கத் தெரியாத ஊர் அவன் உடம்பைப் படித்திருந்தது. யாகூமிஸ் சுவரைப் பார்த்து எதையோ கூட்டிக் கழித்தான். திடீரென்று தலையை நிமிர்த்தினான்.

"அடப்பாவிகளா. அதான் மூணு மாசமாச் சீட்டாட்டத்துல நானே ஜெயிக்கிறேன். கிழட்டுப் பசங்க விட்டுக்கொடுத்திருக்கானுங்க! நான் என்னடான்னா எனக்குக் கை வந்துருச்சுன்னு நினைச்சேன்."

சிரித்தான். சிரிப்பு வயிற்றைப் பிடித்தது. குனிந்து மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டான். மிர்சினி சுற்றி வரப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஈஸ்டருக்கு இருப்பேனா?"

"இருப்ப, அண்ணே."

"திராட்சைக்கு?"

அவள் கோந்துப் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"சரி," என்றான் யாகூமிஸ். "மணி என்ன?"

"பதினொண்ணு அஞ்சு."

"போடு அந்த நம்பரை."

தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினாள். ஸ்டமாதியா எடுத்தாள். "தெசலோனிகியா? கம்பி காவாலா வழியாத்தானே போகுது, அங்க நேத்து ராத்திரிலேர்ந்து காத்து, அக்கா. கம்பி கிடைச்சா கூப்பிடறேன். யாருக்குப் பேசணும்?"

"கிடைச்சாக் கூப்பிடு, ஸ்டமாதியா. அவசரம்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. கூப்பிடு."

அர்கிரிஸ் உள்ளே வந்தான். மேசைமேல் தாள் ஒட்டாத பெட்டி, திறந்து கிடக்கும் விளக்கத் தாள், முக்காலியில் மைத்துனன். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "மிர்சினி," என்றான், "என்ன காரியம் பண்ணே?"

"நான் வாயே திறக்கல," என்றாள் அவள். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சாக்கு என்று தெரிந்தது.

"அவளைத் திட்டாதே, மாப்பிள்ளை," என்றான் யாகூமிஸ். "நான் கையை நீட்டிப் படிச்சேன். கண்ணு நல்லா இருந்தது என் தப்பா?"

அர்கிரிஸ் பின்னறைக்குப் போனான். அங்கே தராசின் எடைக்கற்களைப் பெட்டியில் அடுக்குவதும் எடுப்பதும் மறுபடி அடுக்குவதுமாகச் சத்தம் கேட்டது.

பதினொன்றரை ஆயிற்று. ஒரு கிழவி பேரனுக்கு விளக்கெண்ணெய் வாங்க வந்தாள். யாகூமிஸைப் பார்த்ததும் முகத்தை மலர்த்திக்கொண்டாள். "யாகூமி! நல்லாத் தேறிட்டியே, கன்னமெல்லாம் நிறம் வந்துருச்சு!"

"ஆமா பெரியம்மா," என்றான் அவன். "சீட்டுல கூட ஜெயிக்கிறேன்."

கிழவி எண்ணெயை வாங்கிக்கொண்டு, வாசலில் யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். யாருக்கும் தெரியாமல் என்று அவள் நினைத்தாள்.

பன்னிரண்டு. இரண்டு தரம் கைப்பிடியைச் சுற்றினாள். "கிடைக்கல அக்கா, காவாலா எடுக்கவே மாட்டேங்குது." பன்னிரண்டேகால். யாகூமிஸ் தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். தன்னைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தரம், "பையனுக்கு அந்தக் கப்பல்ல சாப்பாடு நல்லா இருக்குமா?" என்றான். ஒரு மணிக்கு வேலையாட்கள் எல்லாரும் கப்பலில் ஏறிவிடுவார்கள், அப்புறம் ஏஜண்ட் ஆபீஸில் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள் என்பது மிர்சினிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், அவன் துறைமுகத்துக்காரன். கடிகாரத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள், மற்றவர் பார்க்காத நேரமாக.

பன்னிரண்டு இருபதுக்குப் பின்னறையிலிருந்து அர்கிரிஸ் வந்தான். தொலைபேசியை எடுத்து அவனே கைப்பிடியைச் சுற்றினான். "ஸ்டமாதியா, நான் மருந்துக்கடை. காவாலா வேணாம். மித்திலினி வழியா ஏதென்ஸ் போட்டு, அங்கேர்ந்து தெசலோனிகி கேளு. மருந்து அவசரம்னு சொல்லு. ஆமா, நான் சொன்னேன்னு சொல்லு." வைத்தான். இருபத்தெட்டு வருடத்தில் அவன் அந்தத் தொலைபேசியில் சொன்ன முதல் பொய் அது.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தது.

ஏஜண்ட் ஆபீஸில் ஒருவன் கத்தினான், யார், யார் வேணும் என்று. மிர்சினி பெயரைக் கத்தினாள். "இப்பத்தான் படி இறங்கினாங்க, இருங்க." செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். யாரோ தெருவைப் பார்த்துக் கூப்பிடும் குரல், வெகு தூரத்தில். அப்புறம் இரைச்சல் மட்டும். யாகூமிஸ் எழுந்து சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றான். அவள் குழலை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். அவள் திருப்பி வைத்தாள்.

"ஹலோ," என்றது உள்ளே ஒரு குரல், மூச்சு வாங்க. "அத்தை?"

யாகூமிஸ் வாயைத் திறந்தான். மூடினான். மிர்சினி தன் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை இல்ல," என்றான் கடைசியில். "உங்கப்பன்."

இரைச்சல்.

"கேக்குதா? கப்பல்லேர்ந்து இறங்கு... இல்ல, யாரும் சாகல. எவன் சொன்னான்?... நான் நல்லாத்தான் இருக்கேன், சீட்டுல ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்... வலை கிழிஞ்சு கிடக்குடா. ஒத்தையாத் தைக்க முடியல. வா." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான்.  "கூப்பிடறேன்ல? அதான் கூப்பிடறேன். வான்னுதானே சொல்றேன். இன்னும் எப்படிக் கூப்பிடறது?" மறுபடி கேட்டான். "திங்கக்கிழமை கப்பலா? சரி. துறையில நிக்கிறேன்."

குழலைக் கொக்கியில் மாட்டத் தெரியாமல் தொங்க விட்டான். அதற்குள்ளிருந்து ஸ்டமாதியா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மிர்சினி எடுத்து மாட்டினாள்.

யாகூமிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டான். விளக்கத் தாளை மடிப்புக்கு மடிப்பு சரியாக மடித்துத் தங்கையிடம் கொடுத்தான். பெட்டியை மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

"ஒட்டு."

"என்ன?"

"அந்தத் தாளை ஒட்டு. இதை இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனா கல்லியோப்பி எனக்கு முந்திப் போயிடுவா. அவ பாவம், மூணு மாசமா என்னை ஏமாத்திக்கிட்டிருக்கா, எவ்வளவு கஷ்டம் அது. இப்ப போய் அதைக் கெடுப்பாங்களா?"

கசக்கிய தாள் உதவாது. அவள் புதிதாக ஒன்று எழுதினாள்: வயிற்றுக்கு, தினம் மூன்று, சாப்பிட்டபின். எழுத்துக் கோணிற்று. கோந்து தடவி ஒட்டினாள். நான்கு மூலையையும் அழுத்தினாள். இந்தத் தடவை அவனே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த மூலை," என்றான், "இந்த மூலை சரியா ஒட்டல."

நிக்கிதாஸ் திங்கட்கிழமைக் கப்பலில் வந்தான். துறையில் அப்பன் நின்றான், ஆனால் பாதி நேரம் கப்பல் கயிறு கட்டும் தூணின்மேல் உட்கார்ந்துதான் நின்றான். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. "வலை எங்க?" என்று பையன் கேட்டதாகவும், "எந்த வலை?" என்று அப்பன் கேட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். அப்பனின் உடம்பைப் பார்த்ததும் நிக்கிதாஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் அவனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈஸ்டருக்கு ஆட்டுத் தொடை வெந்தது. யாகூமிஸ் இரண்டு வாய் சாப்பிட்டான். வலையும் தைக்கப்பட்டது, கிழியாத வலையிலும் தைக்க இடம் உண்டு. ஆகஸ்ட் மாதம், மாதா பண்டிகைக்கு ஆறு நாள் கழித்து, திராட்சைக் கொடியில் கறுப்பு ஏறத் தொடங்கிய வாரத்தில், அவன் போனான். பையன் பக்கத்தில் இருந்தான்.

நாற்பதாம் நாள் முடிந்து கல்லியோப்பி கறுப்பு உடையில் மருந்துக்கடைக்கு வந்தாள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். பையிலிருந்து நான்கு பெட்டிகளை எடுத்து மேசைமேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாள். நான்கிலும் தாள் ஒட்டியிருந்தது. மூன்றில் இருந்தது மிர்சினியின் கையெழுத்து.

நான்காவது அவள் எழுதியதல்ல. ஜூலையில் ஒரு வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்த பெட்டி அது. தாளில் எழுத்துகள் தனித்தனியே, தடித்து, நேராக நின்றன. படகின் முகப்பில் பெயர் எழுதும்போது யாகூமிஸ் அப்படித்தான் எழுதுவான்: வயிற்றுக்கு. தினம் மூன்று. இடம் பற்றாமல் 'சாப்பிட்டபின்' அடுத்த பக்கத்துக்கு மடங்கியிருந்தது. மிர்சினி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அர்கிரிஸ் தலையைக் குனிந்து எதையோ பொடித்துக்கொண்டிருந்தான். கோந்துப் புட்டியை அன்று மைத்துனனிடம் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

கல்லியோப்பிக்குப் படிக்கத் தெரியும். முப்பது வருடமாக அந்தக் கையெழுத்தை வீட்டுக் கதவிலும் எண்ணெய் ஜாடியிலும் படகிலும் பார்த்தவள். அவளுடைய விரல் அந்தத் தாளின் மேல், மடங்கிய மூலையின் மேல் இருந்தது.

"கடைசி வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு," என்றாள், மிர்சினியின் கண்ணை நேராகப் பார்த்து. "அந்த மட்டும் புண்ணியம்."

"ஆமா, அண்ணி," என்றாள் மிர்சினி. "ஒண்ணும் தெரியாது."

கல்லியோப்பி மூன்று பெட்டிகளை மேசையின் குறுக்கே தள்ளினாள். நான்காவதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.